மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள்? பரிணாம உயிரியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் என்று பேச்சு எடுத்ததும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'வல்லவன் வாழ்வான்' என்ற ஒரே வரிதான். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு ரத்தம் கொடுக்க ஆள் வருகிறது, வெள்ளம் வந்தால் படகை எடுத்துக்கொண்டு ஓட ஆள் இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எனக்கு முக்கியம் என்று படுகிற இடத்தில் பதில் நீளும், மற்ற இடங்களில் சுருக்கமாக இருக்கும்.

இயற்கைத் தேர்வு என்பதே போட்டிதானே? அதில் உதவி எங்கிருந்து வந்தது?

இந்தச் சந்தேகம் டார்வினுக்கே இருந்தது. எறும்புக் கூட்டத்தில் வேலைக்கார எறும்புகளுக்கு வாரிசு கிடையாது. வாரிசே இல்லாத ஒன்றின் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? தீர்க்கவே முடியாத சிக்கல் என்று முதலில் தோன்றியதாக 1859-இல் அவரே எழுதினார். தேர்வு தனி உயிரின் மீது மட்டுமல்லாமல் குடும்பத்தின் மீதும் நடக்கலாம் என்பது அவர் கண்ட விடை.

1871-இல் மனிதனைப் பற்றி எழுதும்போது இன்னொரு முடிச்சையும் தொட்டார். ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்கள் நிறைந்த கூட்டம், அப்படி இல்லாத கூட்டத்தை வெல்லும். ஆனால் அதே கூட்டத்துக்குள் பார்த்தால், துணிந்து முன்னே போகிறவன் சாகிறான், பின்னால் பதுங்கியவன் பிள்ளை பெறுகிறான். பிறகு எப்படித் துணிச்சலும் தியாகமும் அழியாமல் இருக்கின்றன? கணக்கோடு கூடிய பதில் வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

அந்தக் கணக்கு என்ன?

1964-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற இளம் ஆங்கிலேய ஆய்வாளர் போட்ட கணக்கு அது. உதவியால் பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை, இருவருக்கும் உள்ள மரபணு உறவால், அதாவது ஒரே மூதாதையிடமிருந்து இருவருக்கும் வந்த மரபணுக்களின் பங்கால், பெருக்குங்கள். வரும் விடை உதவுபவரின் இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், உதவும் குணம் பரவும். உடன்பிறந்தவர்களுக்கு இடையே உறவு 1/2. தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் 1/4. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்கு இடையே 1/8.

'இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிரைக் கொடுப்பேன்' என்று உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. கணக்கு அதேதான். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, ஹாமில்டனின் கட்டுரை வெளியான அதே 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

நம் குடும்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் சுவாரசியமாக மாறும். ஒருவர் தன் அக்கா மகளைக் கட்டிக்கொண்டால், அவருடைய அம்மா பிறக்கிற குழந்தைக்கு அப்பா வழியில் பாட்டி, அம்மா வழியில் கொள்ளுப்பாட்டி. 1/4-உம் 1/8-உம் சேர்ந்து உறவு 3/8 ஆகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பேனாவும் தாளும் எடுத்து இந்தக் கணக்கைப் போடுவதில்லை. யாரோடு வளர்ந்தோம், யார் தூக்கி வளர்த்தார்கள் என்பதை வைத்துப் பாசம் வருகிறது. அந்தப் பாசம் பல தலைமுறைகளாக எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத்தான் கணக்கு விளக்குகிறது. தத்துப் பிள்ளையிடம் பெற்றோருக்கு வரும் பாசம் இந்தக் கோட்பாட்டுக்கு எதிரானதல்ல என்பதும் இதனால்தான்.

மரபணு சுயநலமானது என்கிறார்களே. அப்படியானால் நாமும் சுயநலவாதிகள்தானா?

இல்லை. தன் நகல்களைப் பெருக்கிக்கொள்ளும் மரபணு நிலைக்கும், அவ்வளவுதான் அந்தப் பேச்சின் பொருள். அப்படி நிலைத்த மரபணுக்களில் பல, தாயைக் குழந்தைக்காகக் கண்விழிக்க வைப்பவை. அந்தத் தாயின் அன்பு அசலானது. அது எப்படி வந்தது என்று விளக்குவது அதைப் பொய்யாக்காது.

எறும்பு, தேனீ, குளவி எல்லாம் உறவால்தான் ஒற்றுமையாக இருக்கின்றனவா?

ஓரளவுக்கு. இந்தப் பூச்சிகளில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதனால் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த சகோதரிகளுக்கு இடையே உறவு 3/4 வரை போகும். விஷயம் இதோடு முடிந்தது என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள்.

அப்படி முடியவில்லை என்று காட்டியவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் முக்கியமானவர். தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் ரோப்பாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்தவர். அந்தக் கூட்டில் ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணைகிறது, ராணிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் வேலைக்காரக் குளவிகளுக்கும் அவை வளர்க்கும் குஞ்சுகளுக்கும் உறவு 3/4-ஐவிட நன்றாகக் குறைந்துவிடுகிறது. அப்படியும் அவை தனிக்கூடு கட்டப் போகாமல் அங்கேயே உழைக்கின்றன. தனியாகப் போன குளவி பாதியில் செத்தால் அதன் குஞ்சுகள் அத்தனையும் வீண். கூட்டத்தில் இருந்தால் அது செத்தாலும், வளர்த்த குஞ்சை மற்றவை தொடர்ந்து வளர்க்கும். உறவு எவ்வளவு என்பதோடு, வெளியே போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இங்கே கிடைக்கும் பாடம்.

அந்தக் கூட்டில் ராணியை எடுத்துவிட்டால், கொஞ்ச நேரத்திலேயே ஒரு வேலைக்காரக் குளவி திடீரென்று மூர்க்கமாகி அடுத்த ராணியாகத் தயாராகிறது. மற்றவை அதை எதிர்ப்பதில்லை. ராணி இருக்கும்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அடுத்தது யார் என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை. குளவிகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

சரி, சொந்தமே இல்லாதவருக்கு ஏன் உதவுகிறோம்?

1971-இல் ராபர்ட் ட்ரிவர்ஸ் சொன்ன பதில்: இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. திரும்பத் திரும்பச் சந்திக்கும் வாய்ப்பும், யார் என்ன செய்தார் என்ற நினைவும் இருந்தால் போதும். நன்றி, குற்ற உணர்ச்சி, துரோகத்தின் மீது வரும் கோபம் எல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காக நடத்த வளர்ந்த உணர்ச்சிகள் என்றார் அவர். எனக்கு இன்றும் பிடித்த விளக்கம் இது.

விலங்குகளில் இதற்குப் பேர்போன சான்று ரத்தம் குடிக்கும் வௌவால். கோஸ்டா ரிகாவில் ஜெரால்ட் வில்கின்சன் செய்த ஆய்வு 1984-இல் வெளியானது. இந்த வௌவால் இரண்டு மூன்று இரவுகள் ரத்தம் கிடைக்காமல் போனால் செத்துவிடும். வயிறு நிறைந்து திரும்பிய வௌவால், பட்டினியாக வந்ததற்குத் தன் வாயிலிருந்து ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. பிறகு ஜெரால்ட் கார்ட்டரும் வில்கின்சனும் கூண்டு வௌவால்களை வைத்துப் பார்த்தபோது, ஒரு வௌவால் யாருக்கு ஊட்டும் என்பதை உறவைவிட 'முன்பு எனக்கு ஊட்டியவர் யார்' என்பதே நன்றாகக் காட்டியது. அறிமுகமில்லாத இரண்டை ஒன்றாக விட்டால் எடுத்த எடுப்பில் ரத்தம் கொடுப்பதில்லை. முதலில் ஒன்றின் ரோமத்தை மற்றது நக்கிச் சுத்தம் செய்கிறது. அது சரியாக நடந்த பிறகுதான் விலை உயர்ந்த உதவி.

மனிதர்களில் இதே கணக்கைப் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் பார்க்கலாம். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறுகிறது. அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பிச் செய்யும்போது, கூடக் கொஞ்சம் போட்டுச் செய்வது வழக்கம். அந்தக் கூடுதல் தொகை உறவு அறுந்துபோகாமல் வைத்திருக்கிறது. கணக்கு என்றைக்கும் நேராகிவிடுவதில்லை என்பதே அதன் பலம்.

கணினியில் போட்டி வைத்துப் பார்த்தார்களாமே?

ஆமாம். 1980-ஐ ஒட்டி ராபர்ட் ஆக்சல்ராட் நடத்தினார். இரண்டு நிரல்கள் திரும்பத் திரும்ப மோதும். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், அல்லது எதிராளியை ஏமாற்றலாம். வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல்: முதல் முறை ஒத்துழை, அப்புறம் எதிராளி போன முறை செய்ததையே செய். இதில் ஒரு குறையும் உண்டு. ஒரே ஒரு முறை தவறாகப் புரிந்துகொண்டால் போதும், பழிக்குப் பழி என்று ஆட்டம் முடியாமல் இழுக்கும். அவ்வப்போது மன்னித்து விடுகிற நிரல்கள் அந்தச் சூழலில் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன.

மீண்டும் சந்திக்கவே போவதில்லை என்ற ஆளுக்கும் உதவுகிறோமே?

அவரைச் சந்திக்காமல் போகலாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஊர் வாய் இருக்கிறது. நீங்கள் அவருக்குச் செய்தது உங்களைப் பற்றிய பேச்சாக மூன்றாவது ஆளிடம் போகிறது. அந்த மூன்றாவது ஆள் நாளை உங்களோடு கூட்டு வைக்கலாமா என்று முடிவு செய்கிறார். மொழி இருப்பதால் நல்ல பெயர் நமக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்கிறது. வேறு எந்த விலங்குக்கும் இந்த அளவுக்கு இந்த வசதி இல்லை.

இதற்கு நம் ஊரிலேயே செய்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. எலினார் பவர் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாரிடம் கடன் கேட்பார்கள், யோசனை கேட்பார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு உறவு வலையை வரைந்தார். யார் தவறாமல் கோவிலுக்குப் போகிறார், யார் தீ மிதிக்கிறார், அலகு குத்துகிறார், காவடி எடுக்கிறார் என்பதையும் குறித்தார். 2017-இல் வெளியான முடிவு: ஊர் பார்க்கும்படி பக்தி காட்டுபவர்களை மற்றவர்கள் நல்ல குணம் உள்ளவர்களாக மதிப்பிட்டார்கள். தேவைப்பட்டால் கைகொடுக்கும் உறவுகளும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. விரதம் இருந்து, உடம்பை வருத்தி, எல்லோர் முன்னும் செய்யும் நேர்த்திக்கடனைப் போலியாகச் செய்வது கடினம். 'இவர் சொன்ன சொல் தவறமாட்டார்' என்று ஊர் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்தி வேஷம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. வேண்டிக்கொண்டவருக்கு அது சாமி காரியம்தான். அதன் விளைவுகளில் ஒன்றைத்தான் ஆய்வு அளந்தது.

நோகாமல் நுங்கு தின்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்களே. அவர்களால் ஒத்துழைப்பு குலைந்துவிடாதா?

குலையும். அதைச் சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். சூரிச்சில் எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெக்டரும் மாணவர்களை வைத்து நடத்திய விளையாட்டு 2002-இல் வெளியானது. நான்கு பேர், ஒவ்வொருவர் கையிலும் 20 அலகு பணம். பொது நிதியில் ஒருவர் 1 போட்டால் நால்வருக்கும் தலா 0.4 திரும்பி வரும். எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் லாபம். தான் மட்டும் போடாமல் இருந்தால் இன்னும் லாபம். முதல் சுற்றில் ஓரளவு நன்றாகவே போட்டார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் தொகை சரிந்துகொண்டே போனது. 'அவன் போடவில்லை, நான் மட்டும் ஏன்' என்பதுதான் காரணம்.

பிறகு ஒரு விதி சேர்த்தார்கள்: தன் பணத்தில் 1 செலவழித்தால் போடாதவரின் பணத்தில் 3 குறைக்கலாம். ஒரே ஆட்களோடு மறுபடி விளையாடப் போவதில்லை, அதனால் செலவழிப்பவருக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. அப்படியும் செலவழித்தார்கள். பங்களிப்பு உயர்ந்தது.

தண்டனை எல்லா ஊரிலும் பலன் தரும் என்று நினைக்க வேண்டாம். கெக்டரும் வேறு சிலரும் பதினாறு நகரங்களில் இதை மீண்டும் செய்தபோது, ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையே பலர் தண்டித்தார்கள். அங்கே தண்டனையால் ஒத்துழைப்பு உயரவில்லை.

நிஜ உலகில் நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளை எலினார் ஆஸ்ட்ரம் ஆராய்ந்தார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் டோர்பல் கிராமத்தில் 1517-லிருந்தே எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு வைத்திருக்கக்கூடிய மாடுகளை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சல் மலைக்கு ஓட்டலாம். ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தண்ணீர் வழக்குகளை, விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசலில் வாய்மொழியாக விசாரித்து அன்றே தீர்ப்புச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பாசனச் சங்கங்களில் முதல் தவறுக்கு அபராதம் பெரும்பாலும் சிறியதுதான். யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே பெரிய காவல்.

பெருமை பேசுபவரை அடக்குவதும் இந்த வேலைகளில் ஒன்று. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடையே ஒருவன் பெரிய விலங்கை வேட்டையாடினால், 'இந்த எலும்பு மூட்டைக்கா எங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தாய்' என்ற தோரணையில் கறியை மட்டம் தட்டிப் பேசுவது வழக்கம் என்று மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ பதிவு செய்தார். நல்ல வேட்டைக்காரன் தன்னைத் தலைவனாக நினைத்துக்கொண்டால் ஒரு நாள் யாரையாவது கொன்றுவிடுவான், அதனால் அவன் மனத்தை ஆற வைக்கிறோம் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள்.

எல்லா மனிதர்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்களா?

இல்லை. இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. ஒருவரிடம் பணம் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவரோடு பங்கிடச் சொல்வார்கள். மற்றவர் பங்கை ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. மேலை நாட்டு மாணவர்கள் பொதுவாக நாற்பது, ஐம்பது சதவீதம் கொடுக்க முன்வருவார்கள். இருபதுக்குக் கீழே போனால் மறுப்பு அதிகமாகும். மனித இயல்பே இதுதான் என்று பாடம் எழுதிவிட்டார்கள்.

ஜோசப் ஹென்ரிக் 1990-களில் பெரு நாட்டு அமேசான் காட்டில் மச்சிகெங்கா மக்களோடு இதை விளையாடிப் பார்த்தார். சராசரியாக 26 சதவீதம்தான் கொடுத்தார்கள், அதையும் ஏறக்குறைய யாரும் மறுக்கவில்லை. சும்மா வரும் பணத்தை ஏன் மறுக்க வேண்டும் என்பது அவர்கள் பார்வை. பிறகு பதினைந்து சிறு சமூகங்களில் பார்த்தார்கள். சேர்ந்து படகில் போய்த் திமிங்கிலம் வேட்டையாடும் இந்தோனேசியாவின் லாமலேரா ஊரில் சராசரி 58 சதவீதம், பாதிக்கும் மேலே. பப்புவா நியூ கினியின் ஔ, க்னௌ மக்களோ பாதிக்கு மேல் கொடுத்தாலும் பல முறை மறுத்துவிட்டார்கள். அங்கே பெரிய பரிசை வாங்கினால் பெரிய கடன்பட்டதாக அர்த்தம்.

நியாய உணர்ச்சி எல்லோருக்கும் இருக்கிறது, எது நியாயம் என்பதைத்தான் ஊர் சொல்லிக்கொடுக்கிறது. அன்றாடம் எப்படிப் பிழைக்கிறோமோ அப்படி விளையாடுகிறோம்.

ஒத்துழைப்புக்கு என்று ஒரு மரபணு இருக்கிறதா?

கிடையாது. 'பெருந்தன்மை மரபணு', 'நம்பிக்கை மரபணு' என்று தலைப்பு வந்தால் நம்பாதீர்கள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இரட்டையர்களை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், முகம் தெரியாதவரை நம்பிப் பணம் ஒப்படைக்கும் விளையாட்டில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் சுமார் 10 முதல் 20 சதவீதத்துக்கு மரபணு வேறுபாடு காரணம் என்று கணித்தார்கள். இந்தப் பங்கும் ஏராளமான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றின் வேலையும் துளியளவு. ஒரே ஒரு மரபணுவைப் பிடித்து இதுதான் என்று சொன்ன பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை, பெரிய மாதிரிகளில் மீண்டும் செய்தபோது நிற்கவில்லை. ஆக்சிடோசின் ஹார்மோனை மூக்கில் தெளித்தால் நம்பிக்கை கூடுகிறது என்று 2005-இல் வந்த ஆய்வு உலகமெல்லாம் பேசப்பட்டது. 2020-இல் இன்னும் அதிகமானோரை வைத்துச் செய்தபோது பொதுவாக அந்த விளைவு தெரியவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு மரபணு மாற்றம் உண்டு, வில்லியம்ஸ் நோய்க்குறி. ஏழாவது குரோமோசோமில் சுமார் 25 மரபணுக்கள் கொண்ட ஒரு துண்டு இல்லாமல் போவதால் வருவது. இந்தக் குழந்தைகள் அந்நியரைக் கண்டதும் ஓடிப்போய்ச் சிரித்துப் பேசுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். அதோடு இதயக் கோளாறும், கற்றலில் சிரமமும், பதற்றமும் இருக்கும். 2017-இல் பிரிஜெட் வான்ஹோல்ட் குழுவினர், மனிதரிடம் நாய்க்கு இருக்கும் அளவு கடந்த ஒட்டுதலுக்கும் ஓநாயின் விலகலுக்கும் உள்ள வேறுபாடு, இதே பகுதிக்கு இணையான மரபணுக்களில் வந்த மாற்றங்களோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். ஆனால் இது நட்புணர்வு. யாரை நம்பலாம், எப்போது விலகலாம் என்று தெரிந்து சேர்ந்து வேலை செய்வது வேறு. அந்த இரண்டாவதில் வில்லியம்ஸ் குழந்தைகள் சிரமப்படுகிறார்கள், பள்ளியில் ஏமாற்றப்படுகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் ஒருவர் கொடுப்பவராக இருப்பதும் இன்னொருவர் கருமியாக இருப்பதும் எதனால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

டான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி ஹட்ஸா மக்கள் வாழ்கிறார்கள். இன்றும் அவர்களில் ஒரு பகுதியினர் வேட்டையாடியும், கிழங்கு தோண்டியும், தேன் எடுத்தும் பிழைக்கிறார்கள். ஒரு முகாமில் சில வாரங்கள், சில மாதங்கள் இருப்பார்கள், பிறகு ஆட்கள் கலைந்து வேறு வேறு முகாம்களில் சேர்வார்கள். கோரன் அப்பிசெல்லா அவர்களிடம் பணத்துக்குப் பதில் தேன் நிரப்பிய குழல்களைக் கொடுத்துப் பொது நிதி விளையாட்டை நடத்தினார். ஹட்ஸாக்களுக்குத் தேனைவிடப் பிடித்த உணவு இல்லை. குழலை மறைவாகத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். பொதுவில் போட்டால் பல மடங்காகி முகாமில் எல்லோருக்கும் பங்காகும். 2012-இல் வெளியான முதல் முடிவு: கொடுப்பவர்கள் கொடுப்பவர்களோடும், வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்பவர்களோடும் கூடியிருந்தார்கள். முகாமுக்கு முகாம் பெரிய வேறுபாடு இருந்தது. நல்லவர்கள் நல்லவர்களைத் தேடிப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆய்வை அப்பிசெல்லா குழுவினர் அதோடு நிறுத்தவில்லை. ஆறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போய், அதே ஆட்கள் வேறு முகாம்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2018-இல் வெளியான பதில் என்னை உலுக்கியது. ஒருவர் போன முறை எவ்வளவு கொடுத்தார் என்பதை வைத்து இந்த முறை எவ்வளவு கொடுப்பார் என்று சொல்ல முடியவில்லை. இப்போது அவர் இருக்கும் முகாமில் மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. தாராளமான முகாமுக்கு வந்தவர் தாராளமாகிறார். கருமிகள் முகாமுக்குப் போனவர் கையை மூடிக்கொள்கிறார்.

நமக்குப் பரிணாமம் கொடுத்திருப்பது நிலையான நல்ல குணம் என்று சொல்வதைவிட, சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அதற்கேற்ப நடக்கும் கூர்மையான உணர்வு என்று சொல்வதே பொருத்தம் என்பது என் முடிவு. சூரிச் மாணவர்களின் சரிவும் ஹட்ஸா முகாம்களின் வேறுபாடும் ஒன்றையே காட்டுகின்றன.

வேட்டை சமூகங்களில் முகாம் என்பது ஒரே குடும்பம்தானே?

அப்படித்தான் நெடுநாள் நினைத்தார்கள். கிம் ஹில் முதலியோர் 32 வேட்டை சமூகங்களின் பதிவுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டார்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக முகாமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கலியாணத்தால் வந்த சம்பந்திகளும், ரத்த உறவே இல்லாதவர்களும் நிறைய. சொந்தம் அல்லாதவரோடு அன்றாடம் சோறு பகிர்வது நகரம் வந்த பிறகு தோன்றிய பழக்கம் இல்லை.

இதில் பாட்டிகளுக்கு என்ன இடம்?

பெரிய இடம். மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வது விலங்குகளில் அரிது, சில திமிங்கில இனங்களில் உண்டு. பிள்ளை பெறாத உடம்பை இயற்கைத் தேர்வு ஏன் இவ்வளவு நாள் காப்பாற்றுகிறது? ஹட்ஸா முகாம்களில் கிறிஸ்டன் ஹாக்ஸும் கூட்டாளிகளும் பார்த்தது: கட்டாந்தரையைக் குச்சியால் குத்திக் கிழங்கு எடுப்பது சின்னப் பிள்ளைகளால் சரியாக முடியாத வேலை. மகள் கைக்குழந்தையோடு இருக்கும் நாட்களில், பால்குடி மறந்த பிள்ளைகளின் வயிறு பாட்டியின் உழைப்பால் நிறைகிறது.

பழைய பின்லாந்து, கனடா தேவாலயப் பதிவுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், 50 வயதுக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சுமார் இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்தார்கள். காம்பியா கிராமங்களில் அம்மாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்த குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மனிதக் குழந்தையைத் தாய் தனியாக வளர்த்துவிட முடியாது, பல கைகள் வேண்டும். அந்தப் பல கைகளுக்கு நடுவே வளர்ந்ததால்தான் அடுத்தவர் முகம் பார்த்து மனத்தைப் படிக்கும் திறமை நமக்கு வந்தது என்கிறார் சாரா ஹர்டி. நிரூபிப்பது கடினம், ஆனால் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது.

சிம்பன்சிகள் உதவாதா?

உதவும். கீழே விழுந்த பொருளை எட்டி எடுக்க முடியாமல் ஒருவர் தவித்தால், பதினெட்டு மாதக் குழந்தை தானே நடந்துபோய் எடுத்துக் கொடுக்கும் என்று வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2006-இல் காட்டினார்கள். சிம்பன்சியும் எடுத்துக் கொடுத்தது. ஆனால் சற்றே சிக்கலான சூழலில் குழந்தைகள் புரிந்துகொண்ட அளவுக்கு அவற்றால் முடியவில்லை.

உடைந்து கூடிய தொடை எலும்புதான் நாகரிகத்தின் முதல் அடையாளம் என்று மார்கரெட் மீட் சொன்னாராமே?

வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை வரும் கதை. தொடை உடைந்தவர் அது கூடும்வரை பிழைத்திருந்தால், யாரோ அவரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் என்பது அதன் வாதம். மானிடவியலாளர் மீடின் எழுத்துகளில் இதை இதுவரை யாரும் எடுத்துக்காட்டவில்லை. அவர் ஓர் உரையில் சொன்னதாக 1980-இல் வந்த நூலில் எழுதியவர் மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து மறுவாழ்வு கொடுத்தவர் அவர். அவருக்கு அந்தக் கதை பிடித்துப்போனது இயல்புதான். ஆனால் சான்றாக அது நிற்காது. காட்டு கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளைப் பார்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கில் உடைந்து தானே கூடிய எலும்புகள் இருக்கின்றன.

இதைவிட நல்ல சான்றுகள் உண்டு. ஈராக்கின் ஷனிதார் குகையில் 1957-இல் கிடைத்த நியாண்டர்தால் (அழிந்துபோன ஒரு மனித இனம்) ஆண், சிறு வயதிலேயே அடிபட்டு வலது கை சூம்பியவர். ஒரு கண் பெரும்பாலும் தெரிந்திருக்காது, காதும் கேட்டிருக்காது. அந்த நிலையில் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். ஜார்ஜியாவின் த்மனிசியில் கிடைத்த சுமார் 17.7 லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோட்டில் ஒரே ஒரு பல் தவிர மற்றவை இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே விழுந்து, குழிகளும் மூடியிருந்தன. அவருக்கு யாராவது மெதுவான உணவு கொடுத்தார்களா, தானே சமாளித்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஷனிதார் ஆள் விஷயத்தில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

குழுத் தேர்வு உண்டா, இல்லையா?

தேர்வு தனி உயிர்களுக்கு இடையே மட்டுமல்லாமல் குழுக்களுக்கு இடையேயும் நடக்கிறதா என்பது ஐம்பது ஆண்டுச் சண்டை. 'இனத்தின் நன்மைக்காக' விலங்குகள் கட்டுப்பாட்டோடு நடக்கின்றன என்ற பழைய வாதத்தை ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966-இல் உடைத்தார். 2010-இல் நோவாக், டார்னிட்டா, ஈ.ஓ. வில்சன் மூவரும் உறவுத் தேர்வே, அதாவது ஹாமில்டனின் உறவுக் கணக்கே, தேவையில்லை என்று எழுத, அடுத்த ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உயிரியலாளர்கள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். பல சமயம் ஒரு தரப்பின் கணக்கை மற்றத் தரப்பின் கணக்காக மாற்றி எழுதிவிடலாம். மனிதர்களில் மரபணுவைவிடப் பழக்கவழக்கத்தின் மீது குழுவுக்குக் குழு தேர்வு நடப்பது எளிது. வென்ற ஊரின் வழக்கத்தைத் தோற்ற ஊர் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும், மரபணுவை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

சொந்த சாதிக்காரருக்கு உதவுவது இயற்கை, மரபணுவிலேயே இருக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்களே?

தவறு. ஹாமில்டனின் கணக்கைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அதை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றுவிட்ட சகோதரருக்கு 1/8, அடுத்த தலைமுறையில் 1/32, அதற்கடுத்து 1/128. லட்சக்கணக்கான ஆட்கள் உள்ள ஒரு குழுவில் தற்செயலாகச் சந்திக்கும் ஒருவருக்காகத் தியாகம் செய்ய வைக்கும் அளவு எதுவும் அந்தக் கணக்கில் மிஞ்சாது.

'நம்மவர்' என்ற உணர்வு எவ்வளவு எளிதில் உண்டாகும் என்பதை ஹென்றி டாஜ்ஃபெல் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் காட்டினார். பள்ளிச் சிறுவர்களை, திரையில் தெரிந்த புள்ளிகளை எப்படி எண்ணினார்கள், எந்த ஓவியம் பிடித்தது என்று ஏதோ சொல்லி இரண்டாகப் பிரித்தார். தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தன் குழுவுக்குக் கூடப் பணம் ஒதுக்கினார்கள். கோடு போட்டால் போதும், மனம் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்வது நம் இயல்பு. கோட்டை எங்கே போடுவது என்பது மரபணுவில் எழுதியிருக்கவில்லை.

இந்தியாவில் அந்தக் கோட்டின் வயதைக்கூட மரபணு ஆய்வு ஓரளவு சொல்கிறது. பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவில் வெவ்வேறு மூதாதைக் கூட்டங்கள் பெரிய அளவில் கலந்தன. ஆய்வில் சேர்த்த ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும், தனித்து வாழ்ந்ததாகக் கருதப்படும் பழங்குடிகளிலும்கூட, அந்தக் கலப்பின் தடம் இருக்கிறது. தனக்குள் மட்டுமே கலியாணம் என்ற அடைப்பு இறுகியது அதற்குப் பிறகுதான்.